முறிந்த கைக்கு ஓய்வுண்டு

விளையாட்டு வீரன் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன திரண்ட தோள்களும் விரைந்த கால்களுமே. அவனுக்கும் உள்ளம் ஒன்று உண்டென்பதும், அதுவும் நோயுறக் கூடுமென்பதும் நம்மிற் பலருக்கு எளிதிற் புலப்படுவதில்லை. "ஓடியாடித் திரியும் பிள்ளைக்கு மனக்கவலை ஏது?" என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உளர். இக்கேள்விக்கு விடை காண்பதற்கு, துடுப்பாட்ட உலகில் நிகழ்ந்த ஒன்றை முதலில் நோக்குவோம்.

2019ஆம் ஆண்டு யூலை மாதம் அவுஸ்திரேலிய அணி உலகக் கிண்ணப் போட்டிக்காக இங்கிலாந்திலே மஞ்செஸ்டர் நகரில் தங்கியிருந்தது. வலைப்பயிற்சியின்போது ஷோன் மார்ஷ் என்பவரின் கையிற் பந்து பட்டு எலும்பு முறிந்தது. அன்று கிளென் மெக்ஸ்வெல் என்னும் அதிரடி ஆட்டக்காரரின் கையிலும் பந்து பட்டது. தம் கையும் முறிந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று தாம் அப்போது எண்ணியதாக அவர் பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார். கை முறிந்தவனுக்கு ஓய்வு கிடைக்கும். எவரும் அவனைக் குறை கூறார். உள்ளம் தளர்ந்தவனுக்கு அந்த ஓய்வை எவர் அளிப்பார்?

அவர் கை முறியவில்லை. ஆகவே தொடர்ந்து ஆடினார். அவ்வாண்டு ஒக்ரோபர் 27ஆம் திகதி அடிலெயிட் மைதானத்தில் நமது இலங்கை அணியின் பந்துகளைச் சிதறடித்து, 28 பந்துகளில் 62 ஓட்டங்கள் பெற்றார். நம்மவர் 134 ஓட்டங்களால் தோல்வியுற்றனர். அன்று அவ்வாட்டத்தைக் கண்டவர்கள் அவருள்ளே ஏதும் குறையுண்டெனக் கனவிலும் கருதியிரார். நான்கு நாள்கள் கழித்து, உளநலம் குன்றியமையால் விளையாட்டிலிருந்து சிறிது காலம் விலகுவதாக அவர் அறிவித்தபோது துடுப்பாட்ட உலகம் திகைத்தது.

உள்ளத்தின் நலிவு ஆட்டத்தை எவ்வாறு பாதிக்கின்றது? மனச்சோர்வு என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். தோல்வியால் வரும் துக்கம் இரண்டொரு நாளில் ஆறிவிடும். மனச்சோர்வோ வாரக்கணக்கில் விடாது பற்றி நிற்கும். அது முதலில் உறக்கத்தைக் கெடுக்கும். பயிற்சியினாற் களைத்த தசைகள் மீண்டும் வலுப்பெறுவது உறக்கத்திலும் ஓய்விலுமேயாம். உறக்கம் கெட்டவன் எத்துணைப் பயிற்சி செய்யினும் களைப்பே மிஞ்சும். அடுத்துப் பசி குன்றும், உடல் மெலியும். பின்னர் கவனம் சிதறும். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் பந்து துடுப்பாட்டக்காரரை அடைவதற்கு ஏறத்தாழ அரை வினாடியே செல்லும். அவ்வரை வினாடிக்குள் பந்தைக் கண்டு, முடிவு செய்து, கால் பெயர்த்தல் வேண்டும். "என்னால் இயலாது" என்ற எண்ணம் இடையறாது ஒலிக்கும் மனத்திற்கு அந்நேரம் போதாது. இவை யாவற்றினும் கொடியது, ஆட்டத்திலிருந்த இன்பமே வற்றிப் போவதாகும். நேற்றுவரை விரும்பிச் சென்ற மைதானம் இன்று சுமையாகத் தோன்றும். வெற்றி வந்தாலும் நெஞ்சு நெகிழாது. சிறு பிழையோ பெருங் குற்றமாய் வருத்தும்.

இந்திய வீரர் விராட் கோலி 2014ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆடிய ஐந்து டெஸ்ட் போட்டிகளில், பத்து இன்னிங்ஸ்களிலும் சேர்த்து 134 ஓட்டங்களே பெற்றார். அக்காலத்தில் தாம் மனச்சோர்வுற்றிருந்ததை 2021இல் ஒரு நேர்காணலில் அவர் தெரிவித்தார். காலையில் எழும்போதே இன்று ஓட்டம் பெற இயலாது என்ற உணர்வு தம்மை அழுத்தியதென்றும், ஆதரவானோர் பலர் சூழ இருந்தும் தாம் தனித்து விடப்பட்டதாகவே உணர்ந்தாரென்றும் அறிகிறோம். 2018இல் அதே நாட்டில் அவரே 593 ஓட்டங்கள் குவித்தார். ஆட்டத்திறன் குன்றிய வீரர் அனைவரும் நோயாளர் என்பது இதன் பொருளன்று. ஆயினும் சரிவுக்குக் காரணம் தேடுமிடத்துக் கால்களை மட்டும் நோக்குதல் போதாது என்பதை இதனால் உணரலாம்.

மெக்ஸ்வெல்லின் வரலாறு காட்டுவது இதற்கு மறுபுறத்தை. அவரது ஆட்டத்தில் நலிவு தெரியவேயில்லை. அதனை முதலிற் கண்டுகொண்டவர் யார்? ஆயிரக்கணக்கான இரசிகர்களல்லர். பிற்காலத்தில் அவருக்கு மனைவியான, தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த வினி ராமன் என்னும் பெண்மணியே அவரிடத்து மாற்றத்தைக் கண்டு, தக்க ஒருவரிடம் பேசுமாறு தூண்டினார் என்று மெக்ஸ்வெல் கூறியுள்ளார். புள்ளிப்பலகை காட்டாததை வீட்டார் கண்கள் கண்டன. ஓய்வின் பின் திரும்பிய அவர், 2023ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காது 201 ஓட்டங்கள் பெற்றமை நேயர்கள் அறிந்ததே.

எல்லோருக்கும் இந்நல்வாய்ப்புக் கிட்டுவதில்லை. ஜேர்மனிய உதைபந்தாட்ட அணியின் கோல்காப்பாளர் ரொபேட் என்கே பல ஆண்டுகளாக மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்று வந்தார். வீட்டார் அறிந்திருந்தனர், உலகம் அறியவில்லை. வெளியே தெரிந்தால் தம் இடம் பறிபோகும், தத்தெடுத்த பெண்குழந்தையையும் இழக்க நேரும் என அஞ்சி அவர் மறைத்தார். 2009ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி தம் கழகத்திற்காகக் கோலைக் காத்து நின்றார். இரண்டு நாள்களின் பின் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 32. அந்நோயோடு அதனை மறைக்க வேண்டிய அச்சமும் சேர்ந்து அவரை வருத்தியது. அவ்வச்சத்தை ஊட்டியது சமூகமேயன்றோ?

நம் கல்லூரிகளிலும் இல்லங்களிலும் அவ்வச்சம் இல்லையெனக் கூற இயலுமா? கணுக்கால் சுளுக்கிய மாணவனுக்கு எண்ணெய் பூசிக் கட்டுப்போட்டு, இரண்டு வாரம் ஓய்வளிக்கின்றோம். உள்ளம் சோர்ந்தவனை மட்டும் "சோம்பேறி", "கோழை" என்கின்றோம்; அல்லது மேலும் இரண்டு சுற்று ஓடச் சொல்கின்றோம். உடற்பயிற்சி மனத்திற்கு நன்மை செய்வது உண்மையே. அதற்காகக் கசையடி கொடுப்பதுபோல் அதனை விதித்தல் நன்மையாகாது.

பெற்றோரும் பயிற்றுநரும் கவனிக்க வேண்டியவை சிலவே. இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பிள்ளை உறக்கமின்றித் தவிக்கின்றானா? விரும்பி உண்டதை வெறுக்கின்றானா? நண்பரை விட்டு ஒதுங்குகின்றானா? வென்ற நாளிலும் வாடியிருக்கின்றானா? அப்படியாயின், ஆட்டத்தைப் பற்றிய பேச்சை ஒருபுறம் வைத்துவிட்டு, அவன் சொல்வதை இடைமறியாது கேளுங்கள். பின்னர் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பேச்சுவழிச் சிகிச்சையும், வேண்டுமிடத்து மருந்தும் பயன் தரும். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லுமாதலாற் பொறுமை வேண்டும். வாழ்வே வேண்டாம் என்ற சொல் அவன் வாயில் வருமாயின், கணமும் தாமதியாது உதவி நாடுக. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இதற்கென்றே உள்ளது.

மாணவ நண்பர்களே, உங்கள் அணியில் ஒருவன் வழமைக்கு மாறாக மௌனமாயிருந்தால், அவன் தவறவிட்ட பிடியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அவன் பக்கத்திற் சென்று அமருங்கள். கிண்ணம் அடுத்த ஆண்டும் வரும். தோழன் நலமாயிருத்தல் வேண்டும்.