செத்த தேதி இருக்கிறது, புதைத்த இடம் எங்கே?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று பிள்ளைகள் கேம்ஸ் கேட்டார்கள். என் அப்பா கேட்டது வேறு. "இதுல உங்க பெரியப்பாவைப் புதைச்ச இடம் தெரியுமாடா?" என்றார்.

பெரியப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். 1974-ல் இறந்து போனார். திண்டுக்கல்லில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தபால் கார்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. யாரும் மலைக்குப் போகவில்லை. அந்தக் குறை அவருக்கு இன்றும் இருக்கிறது.

சர்ச் இன்ஜினில் குன்னூர், கல்லறை என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினேன். வந்து கொட்டியது! டைகர் ஹில் கல்லறைத் தோட்டம், ஆல் செயின்ட்ஸ் சர்ச், வெள்ளைக்காரத் துரைகள், அவர்கள் மனைவிமார்கள், கைக்குழந்தைகள் என்று பக்கம் பக்கமாக விவரம். 1976-ல் தொடங்கிய பாக்ஸா என்ற சங்கம் தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியர் கல்லறைகளைப் பதிவு செய்கிறது. 1998-ல் தொடங்கிய ஃபிபிஸ் சங்கத்தின் தளத்தில் இலவசமாகவே பெயர் தேடலாம். சென்னை மாகாணத்துச் சர்ச்சுகளின் அடக்கப் பதிவு நகல்கள் லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பணம் கட்டினால் அவற்றின் படங்களையே பார்க்கலாம். யாரென்றே தெரியாத ஒரு துரை எங்கே படுத்திருக்கிறார் என்று எனக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. என் பெரியப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

இது கம்ப்யூட்டரின் குற்றமல்ல. பதிவேட்டில் எழுதாததை எந்த சர்ச் இன்ஜினும் கொண்டுவந்து தராது. சர்ச் வைத்திருந்தது அடக்கப் பதிவேடு. அதன் வேலையே யாரை, என்று, எங்கே புதைத்தோம் என்று எழுதுவது. நம்முடையது இறப்புப் பதிவேடு. பெயர், வயது, இறந்த தேதி, இறந்த இடம், காரணம் எல்லாம் உண்டு. உடல் எங்கே போனது என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

ஆனாலும் அந்தப் பதிவேட்டை விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு வழி காட்டியது அதுதான். முதலில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட் எந்தக் கிராமத்து எல்லையில் இருக்கிறதோ அங்கே போய்த் தேடச் சொன்னோம். பதிவு இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்து, டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய கார்டை மறுபடி படித்தேன். 'ஆஸ்பத்திரியில் காலமானார்' என்று இருந்தது. அப்போதுதான் விளங்கியது. இறப்பு பதிவாவது குடியிருந்த இடத்தில் அல்ல, உயிர் போன இடத்தில். லயன் வீட்டில் இறந்திருந்தால் கிராமம். குன்னூர் டவுனில் உள்ள ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் நகராட்சி. நாலு கிலோமீட்டர்கூட இல்லாத வெலிங்டனில் இறந்திருந்தால் கன்டோன்மென்ட் போர்டு. ஒரே மலையில் மூன்று பதிவேடுகள்!

நகராட்சியில் எழுதிக் கொடுத்தோம். கிடைத்தது. பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது, வயதில் ஐந்து குறைந்திருந்தது. தேதியும் நாங்கள் நினைத்திருந்ததற்கு இரண்டு நாள் முந்தியது. இத்தனை வருடமாகத் தப்பான நாளில் கும்பிட்டிருக்கிறோம். அப்பா அந்தப் பேப்பரை வாங்கிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

அதில் முகவரி என்ற இடத்தில் எஸ்டேட் பெயரும் டிவிஷனும் இருந்தன. அங்கே போய் ஒரு பழைய தொழிலாளியைப் பிடித்தோம். "அண்ணே, அந்தக் காலத்துல இங்க செத்தவங்களை எங்க வைப்பாங்க?" என்று அப்பா கேட்டார். அவர் பேசாமல் முன்னால் நடந்தார். ஓடைக்கு மேலே ஒரு சரிவு. உண்ணிச்செடிப் புதர், மூன்று சில்வர் ஓக் மரங்கள். கல் இல்லை, பெயர் இல்லை. "இதுக்குள்ளதான். எந்தக் குழின்னு கேட்டா எனக்குத் தெரியாது" என்றார்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். 1969-ம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் ஒன்பதாவது பிரிவு தோட்டங்களுக்கென்றே இருக்கிறது. நான்கு ஹெக்டேருக்குக் குறையாத தேயிலை, காப்பி, சின்கோனா போன்ற தோட்டங்களில் நடக்கும் பிறப்பு இறப்பை அதன் கண்காணிப்பாளர் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்தாவது பிரிவின்படி மயானம் வைத்திருப்பவருக்கும் அந்தக் கடமை உண்டு. 2023-ல் சட்டம் திருத்தப்பட்டு, அந்த வருடம் அக்டோபர் 1 முதல் பதிவும் சான்றிதழும் டிஜிட்டல் முறைக்கு வந்துவிட்டன. தகவல் சொல்ல ஆள் இருக்கிறார், எழுத கம்ப்யூட்டரும் இருக்கிறது. 'அடக்கம் அல்லது தகனம் செய்த இடம்' என்று ஒரே ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்தால் என்ன? டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டு சேர்ப்பது மலையைப் புரட்டும் வேலை அல்ல.

நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "நம்ம ஊரில் மயானத்தின் பெயரைச் சொன்னாலே ஜாதி தெரிந்துவிடுமே" என்றார். உண்மைதான், எனக்கும் சுருக்கென்றது. அந்தக் கட்டத்தை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட வேண்டாம். இப்போதே இறப்புக்கான காரணம் பதிவேட்டில் உண்டு. ஆனால் வெளியே தரும் நகலில் அதைக் காட்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதேபோல இதையும் குடும்பத்தார் கேட்டால் மட்டும் கொடுக்கலாம். தெரியாமலே போவதைவிட அது மேல்.

பழைய ரிஜிஸ்டர்களையும் ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். மலையில் ஈரம் அதிகம், பேப்பர் காத்திருக்காது. ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது, பெயர்களை டைப் செய்து இன்டெக்ஸ் போட்டால்தான் தேட முடியும். கருப்பையா என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பையா, கருப்பய்யா என்று தமிழிலேயே இரண்டு மூன்று விதம், ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் அதிகம். ஒரு எழுத்து பிசகினால் கம்ப்யூட்டர் 'இல்லை' என்று கைவிரித்துவிடும்.

அரசு செய்கிறபோது செய்யட்டும். நீங்கள் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்கள் அல்லவா? இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து எக்செல்லைத் திறங்கள். பெயர், வேறு எழுத்துக்கூட்டல், இறந்த இடம், பதிவு எண், புதைத்த அல்லது எரித்த இடம் என்று காலம் போடுங்கள். யூனிகோடு தமிழிலேயே டைப் செய்யுங்கள். பழைய ஃபான்டுகளில் அடித்தால் வேறு கம்ப்யூட்டரில் எழுத்துகள் குழம்பித் தெரியும். வருடத்தைத் தனிக் காலத்தில் வையுங்கள். 1900-க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாகவே ஏற்காது. பாட்டன் காலத்துத் தேதிகளை வரிசைப்படுத்தும்போது தகராறு செய்யும். பழைய கார்டு, சான்றிதழ் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

எங்கள் ஃபைலில் பெரியப்பாவின் வரியில் 'புதைத்த இடம்' காலத்துக்கு எஸ்டேட் பெயரை மட்டும் டைப் செய்தேன். அப்பா விடவில்லை. "ஓடைக்கு மேல, மூணு சில்வர் ஓக்குன்னு போடு. மரத்தை வெட்டிட்டா அப்புறம் எப்படித் தெரியும்?" என்றார். அப்படியே டைப் செய்து சேவ் செய்தேன். ஒரு காப்பி தம்பியின் பென் டிரைவிலும் இருக்கிறது.