எத்தனை வாட்?

டயகமவிலிருந்து ஹட்டனுக்கு இறங்கி கேமிங் லெப்டொப் தேடுபவர் கண்ணில் முதலில் படுவது ஆர்டிஎக்ஸ் ஸ்டிக்கர்தான். அது பாதி உண்மையே சொல்லும். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் சிப்பை லெப்டொப் கம்பெனிகள் 35 வாட்டிலும் ஓட்டலாம், 80 வாட்டிலும் ஓட்டலாம்; வாட் குறைந்தால் வேகமும் குறையும். மெல்லிய உடலுக்குள் அதே சிப் சூடேறித் திணறும். வாட் கணக்கைக் கேட்டால் கடைக்காரரே முழிக்கக்கூடும். மொடல் இலக்கத்தை வாங்கி, கம்பெனியின் விவரப் பட்டியலில் பார்த்துவிடலாம். அதே காசுக்கு டெஸ்க்டொப் வேகமானது என்பார்கள். மெய்தான். ஆனால் லயத்து அறையில் அதற்கு இடமேது? கம்பஸ் போகும் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டா பஸ் ஏறும்? 2024இல் அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத்தில், மெல்லிய உடலுக்கும் கலர் லைட்டுக்கும் காசைக் கொட்டுவது வீண். கனமானாலும் காற்றோட்டமுள்ள மெஷினே மேல். ரெம் 8 ஜிபிதான் என்றால், இன்னொன்று செருக இடமுண்டா என்று கேட்டபிறகு பணத்தை எண்ணுங்கள்.