அகிம்சை அடங்கிப் போவதன்று!

அகிம்சை என்றால் அடங்கிப் போவதாம்! நம் பிள்ளைகளுக்கு இதைத்தானே போதித்து வருகிறோம்?

அமெரிக்காவின் நாஷ்வில் நகரக் கடைகளில், உணவு மேசையில் அமரக் கறுப்பினத்தவருக்கு அன்று இடமில்லை. இந்தியாவில் தங்கிக் காந்தியின் அறவழியைக் கற்றுத் திரும்பிய ஜேம்ஸ் லாசன், 1959-இல் அங்கு மாணவர்களுக்குப் பயிற்சியளித்தார். சிலர் எதிரிகளாக நடித்து வசைபாடினர், தள்ளினர். மற்றவர் திருப்பியடிக்காமல் அமர்ந்திருக்கப் பழகினர். 1960 பிப்ரவரியில் மெய்யாகவே அம்மேசைகளில் அமர்ந்தனர். வெள்ளையர் சிலர் அடித்தனர், இவர்கள் கையோங்கவில்லை. கைதானோர் இடத்தில் அடுத்த அணி அமர்ந்தது. மே 10-இல் ஆறு கடைகள் பணிந்தன.

இதுவா அடங்கிப் போவது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆசிரியர்களே, பெற்றோர்களே! காந்தியைப் பற்றிக் கட்டுரை எழுதவைத்தால் மட்டும் போதாது. அநீதியை அறவழியில் எதிர்த்து நிற்கவும் பிள்ளைகளைப் பழக்குவோம்.