"பிறின்ரர் வேலை செய்யேல்லை, நாளைக்கு வாங்கோ"

வன்னிப் பெருநிலப்பரப்பில் அரச அலுவலகப் படி ஏறியவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. எழுதிவைக்கப்படாத சுற்றறிக்கை போல அது வழங்கிவருகிறது.

சில மாதங்களுக்கு முன் அப்படியோர் அலுவலகத்தில் நானும் வரிசையில் நின்றேன். பெயர் வேண்டாம், குற்றம் அந்த ஒன்றுக்கு மட்டும் உரியதன்று. எனக்கு முன்னால் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. இரண்டு பஸ் மாறி வந்தவர். மகளின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பிரதி வேண்டும் என்றார். கருமபீடத்தில் இருந்த பிள்ளை பணிவாகத்தான் சொன்னாள்: "பிறின்ரர் வேலை செய்யேல்லை அம்மா, நாளைக்கு வாங்கோ." அம்மா கேட்டார்: "நாளைக்கும் பஸ்காசு வேணுமே பிள்ளை?" அவளிடம் பதில் இல்லை.

அதே அறையின் மறுமூலையில் இன்னோர் அச்சுப்பொறி, பச்சை விளக்கு எரிய, சும்மா இருந்தது. இரண்டும் ஒரே வலையமைப்பில் இணைக்கப்பட்டவை. அந்தப் பிள்ளையின் கணினியிலிருந்து இரண்டுக்கும் அனுப்பலாம். ஆனால் கணினியில் 'டிபோல்ட்' என்று குறிக்கப்பட்டிருந்தது மை தீர்ந்த முதலாவது பொறி. அலுவலகங்களில் உள்ள பழைய மென்பொருள்கள் பல, எந்தப் பொறிக்கு அனுப்புவது என்று கேட்பதே இல்லை, குறித்துவைத்ததற்கே அனுப்பும். அந்தக் குறிப்பை மாற்ற அரை நிமிடம் போதும். மாற்றலாம் என்று அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இந்த அரை நிமிட வேலையைச் செய்வதற்கென்றே உலகில் பலர் சின்னஞ்சிறு மென்பொருள்களை எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும். அழுத்தினால் அச்சுப்பொறிகளின் பட்டியல் வரும். வேண்டியதைத் தெரிவுசெய்தால் முடிந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7, இடத்துக்கு ஏற்ப அச்சுப்பொறியை மாற்றும் வசதியை மடிக்கணினிகளுக்குக் கொடுத்தது. 2015இன் இறுதியில் விண்டோஸ் 10 கடைசியாகப் பயன்படுத்திய பொறியையே டிபோல்ட் ஆக்கத் தொடங்கியது. பல அலுவலகங்களில் அதுவே புதிய குழப்பமாயிற்று.

உண்மையில் வெளியிலிருந்து எதையும் தரவிறக்க வேண்டியதுகூட இல்லை. எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸுக்குள் அதற்கான கட்டளை இருக்கிறது. நோட்பேட்டில் ஒரே ஒரு வரி. பொறிக்கு ஒன்றாக எழுதி, 'முன்னறை', 'பின்னறை' என்று பெயரிட்டுத் திரையில் வைத்துவிடலாம். செலவு ஒரு சதமும் இல்லை. மின்வெட்டுக்குப் பின் அச்சுப்பொறி 'காணாமற் போவதும்' இப்படியான சின்ன விடயந்தான். மின்சாரம் திரும்பியதும் ரவுட்டர் அதற்கு வேறொரு முகவரியைக் கொடுத்திருக்கும். கணினியோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். முகவரியை நிலையாகக் கட்டிவைத்தால் தீர்ந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளில் கிடந்த நாட்டில் இதை அறிந்தவர் அலுவலகத்துக்கு ஒருவராவது இருக்க வேண்டாமா?

ஆனால் நமது நிர்வாகத்துக்குத் தெரிந்த தீர்வு ஒன்றே: "கொம்பியூட்டர் பழசு, புதுசு வேணும்." போர் முடிந்தபின் வன்னிக்குப் பெட்டி பெட்டியாகக் கணினிகள் வந்தன. நாடா வெட்டினார்கள், நாங்களும் படம் பிடித்துப் பத்திரிகையில் போட்டோம். அந்தக் கணினிகள் மூன்றாம் ஆண்டில் எப்படி இருக்கின்றன என்று போய்ப் பார்த்து எழுதினோமா? இல்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. வாங்குவதற்குப் பணம் கொடுத்தவர்களில் பராமரிப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் மிகக் குறைவு.

இப்போது புதியதொரு சாட்டும் கிடைத்திருக்கிறது. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. "பழையது ஆபத்து" என்பார்கள். அதில் நியாயம் உண்டு. 2021 யூலையில் விண்டோஸின் அச்சுவரிசையைக் கவனிக்கும் பகுதியிலேயே பாரதூரமான ஓட்டை வெளிப்பட்டதை மறுக்க முடியாது. ஆகவே காலாவதியான விண்டோஸை இணையத்தில் விட்டுவையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அத்தகைய கணினிக்கு லினக்ஸ் போடலாம். அதிலும் அச்சுப்பொறியை மாற்ற ஒரு வரி போதும். அல்லது இணையத்தைத் துண்டித்துத் தட்டச்சுக்கும் அச்சுக்கும் மட்டும் வைத்திருக்கலாம். குப்பையில் எறிவதற்கு முன் செய்யக்கூடியவை இவ்வளவு இருக்கின்றன.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கக் கதையிலும் ஓர் அச்சுப்பொறி இருக்கிறது. 1980 அளவில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு வந்த செரொக்ஸ் லேசர்ப் பொறியில் தாள் அடிக்கடி சிக்கியது. சிக்கினால் செய்தி அனுப்பும்படி அதன் மென்பொருளைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டோல்மன் விரும்பினார். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் அறிவித்த கனூ திட்டத்துக்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். அச்சுப்பொறி என்ற அற்ப விடயத்துக்காகக் கோபப்படுவது வெட்கத்துக்குரியதல்ல.

நமக்கு வேண்டிய கோபம் அது. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். யாழ்ப்பாணத்துப் பத்திரிகை பயிற்சிக் கொப்பியின் கோடு போட்ட தாளில் அச்சாகி வந்ததையும் கண்டவர்கள். அந்த வல்லமை, தடை நீங்கியதும் எங்கே போயிற்று?

போரிலும் இடப்பெயர்விலும் பத்திரங்களைத் தொலைத்த மாவட்டங்கள் இவை. 2009இல் மெனிக் பாம் முகாமுக்கு வெறுங்கையுடன் போனவர்கள் எத்தனை பேர்! இங்கே ஒரு தாள் என்பது காணி, பென்சன், பிள்ளையின் படிப்பு. அதை "நாளைக்கு" என்று ஒத்திவைக்க எவருக்கும் உரிமை இல்லை.

அலுவலகத் தலைவர்களுக்கு: ஒவ்வொரு கருமபீடக் கணினியிலும் அந்த இரண்டு குறிகளை வையுங்கள், மாற்றும் முறையைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அறிவியல்நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கும், கடல் கடந்து கணினித் துறையில் இருக்கும் நம்மவர்களுக்கும்: தமிழில் பேசும் அப்படியொரு சிறு மென்பொருளை எழுதிக் கொடுங்கள். ஒரு வார இறுதிக்கு மேல் அந்த வேலை கேட்காது.

அன்று வரிசையில் நின்ற ஓர் இளைஞன் கேட்டுக்கொண்டு உள்ளே போய், குறிப்பை மாற்றிக் கொடுத்தான். அம்மாவின் தாள் உடனே வந்தது. வரிசையில் அப்படி ஒருவன் நில்லாத நாட்களில் வருபவர்களுக்கு என்ன பதில்?