பாடப்பணியும் பொதுவெளியும்: மாணவர் தனியுரிமை குறித்த நிலைப்பாடு

பாடப்பணியைப் பொது இணையதளத்தில் சொந்தப் பெயரில் வெளியிட்டால்தான் மதிப்பெண் என்ற நிபந்தனையை, திருவிடந்தை முதல் மாமல்லபுரம் வரையுள்ள இக்கடற்கரை வட்டாரத்தின் எந்தப் பள்ளியும் கல்லூரியும் மாணவர்மீது விதிக்கலாகாது என்பது இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு.

தனியுரிமை என்பது தம்மைப் பற்றிய செய்திகளுள் எது, யாருக்கு, எவ்வளவு காலம் தெரியலாம் என்பதை ஒருவர் தாமே முடிவு செய்யும் உரிமை. புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று அதனை அடிப்படை உரிமையென ஒருமனதாக அறிவித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. ஆனால் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தரவுக்குச் சட்டம் பொருந்தாது என விலக்களிக்கிறது. ஆசிரியர் சொன்னதற்காக யூடியூபில் காணொளி ஏற்றிய மாணவியும் தாமே விரும்பி வெளியிட்டவராகக் கருதப்படக்கூடும் என்பதே இதிலுள்ள சிக்கல். மதிப்பெண்ணைக் கையில் வைத்திருப்பவர் கேட்டுப் பெறும் ஒப்புதலை விருப்ப ஒப்புதல் என்பது பெயரளவுக்கே பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் பற்றிய களப்பணியைத் தாளில் எழுதினால், முதல் பக்கத்தில் பெயரும் தலைப்பெழுத்தும் பதிவெண்ணும் வகுப்பும் இருப்பது வழக்கம். அந்தத் தாள் அலமாரியில் சில காலம் கிடந்து பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அதே பக்கம் இணையத்தில் ஏறினால் தேடுபொறிகள் அதனைப் பிரதியெடுத்துக்கொள்ளும். உடன் வைத்த கைப்பேசிப் படத்துக்குள் மீத்தரவு, அதாவது படம் எடுத்த நேரமும் இடத்தின் அட்ச, தீர்க்க ரேகைகளும், எடுத்தவர் அறியாமலே பதிந்திருக்கலாம். பதிவெண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் பொதுத்தேர்வு மதிப்பெண்களை எவரும் பார்த்துவிடக்கூடிய தமிழ்நாட்டில், பதிவெண் வெளியாவது அற்ப விஷயமன்று.

மாணவர் பிழைகளும் பொதுவெளியில் அப்படியே நிலைத்துவிடும். 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளையின் இந்தியக் கல்வித் திட்டத்தின்கீழ்ப் புனே கல்லூரி மாணவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் பாடப்பணியாகக் கட்டுரைகள் எழுதினர். பிற இடங்களிலிருந்து அப்படியே எடுத்தெழுதிய பகுதிகள் ஏராளமாக இருந்தமையால் அவை நீக்கப்பட்டன. எச்சரிக்கைகள் அவரவர் கணக்குக்குரிய பேச்சுப் பக்கங்களில் எல்லாரும் காணப் பதிவாயின. விக்கிப்பீடியாவின் பக்க வரலாறு, அதாவது யார் எப்போது எதை மாற்றினார் என்னும் குறிப்பு, தானாக அழிவதில்லை. வகுப்பறையில் சிவப்பு மையோடு முடிந்திருக்க வேண்டிய கற்கும் காலத்துப் பிழை, சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்கியவரை வேலை தேடும் நாளிலும் தொடரக்கூடும்.

பொதுவெளியில் எழுதப் பழகுவதை இவ்வமைப்பு எதிர்க்கவில்லை; தமிழ் விக்கிப்பீடியா போன்ற தளங்களுக்கு இளையோர் எழுதுவது தமிழுக்கே நன்மை. அத்தகைய பணியில் மாணவர் புனைபெயரில் எழுதட்டும். யார் எந்தப் பெயரில் எழுதுகிறார் என்ற பட்டியல் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். வெளியிட விரும்பாதவர், மூடில் போன்ற வகுப்புக்குள்ளான தளத்திலோ தாளிலோ அதே பணியை அளித்து முழு மதிப்பெண் பெற வழி வேண்டும். மதிப்பெண்ணும் ஆசிரியரின் திருத்தக் குறிப்பும் எக்காரணத்தாலும் பொதுவில் இடம்பெறலாகாது.

அடுத்த பருவத்தின் பாடப்பணி அறிவிப்பிலேயே இவ்விதிகளை எழுத்தில் சேர்க்குமாறு முதல்வர்களையும் தலைமை ஆசிரியர்களையும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.