பம்பைக் கழற்றும் முன்

இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் காரில் எரிபொருள் அழுத்தம் குறைந்தால் வண்டி உடனே நின்றுவிடுவதில்லை. ஐடிலில் சீராகவே ஓடும். மேடு ஏறும்போதுதான் இழுவை விட்டுப்போகும். காலையில் இரண்டு மூன்று முறை சாவியைத் திருப்ப வேண்டியிருக்கும். ஸ்கேனர் பி0171 என்று காட்டலாம். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பதே அதன் பொருள். இன்டேக்கில் காற்றுக் கசிந்தாலும் இதே கோடு வரும். கசிவென்றால் ஃபியூயல் டிரிம் ஐடிலில் ஏறி, வேகம் கூடக்கூட இறங்கும். பெட்ரோல் வரத்துக் குறை என்றால் லோடு கூடும்போது ஏறும்.

அடுத்தது கேஜ். பம்ப் ஃபியூஸை எடுத்து, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, லைனில் அழுத்தத்தை இறக்கிய பிறகே மாட்ட வேண்டும். போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்கும். சரியான அளவு அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உண்டு. ஐடில் அளவை மட்டும் நம்பக் கூடாது. ஐடிலில் இன்ஜின் குடிக்கும் பெட்ரோலை முக்கால்வாசி அடைத்த பில்டர்கூடக் கொடுத்துவிடும். லோடு ஏறும்போது முள் சரிகிறதா என்பதே கேள்வி.

ரிட்டர்ன் லைன் உள்ள வண்டியில் அந்த ரப்பர் ஹோஸைக் கணநேரம் அழுத்திப் பிடிக்கலாம். அழுத்தம் சட்டென ஏறினால் பழுது ரெகுலேட்டரில். ஏறாவிட்டால் பில்டர், ஸ்ட்ரெய்னர், பம்ப் என்று பின்னோக்கிப் போக வேண்டும். ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸில் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. வண்டியை அணைத்ததும் அழுத்தம் மளமளவென விழுந்தால், பம்பின் ஒருவழி வால்வோ, ரெகுலேட்டரோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணம்.

பழுது பம்ப் பக்கம் என்று தெரிந்தபின்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். கரண்ட் சரியாக வருகிறது என்று முடிவுகட்டி பம்பை மாற்றிவிடுகிறார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். எர்த் டெர்மினல் பச்சை பூத்திருந்தாலும், ரிலே சாக்கெட்டில் பின் கருகியிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும். பம்ப் ஓடத் தொடங்கியதும் அந்தப் பச்சையே வோல்ட்டைத் தின்றுவிடும். எனவே கனெக்டரைக் கழற்றாமல், பம்ப் ஓடும்போதே பின்பக்கமாக முனை செருகி அளக்க வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பம்பின் பாசிட்டிவ் வரையிலோ, பம்ப் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரையிலோ அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் குற்றம் வயரில்தான். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் தீரும் பழுதுக்கு வண்டிக்காரரிடம் ஆயிரக்கணக்கில் வாங்குவது தொழிலுக்கு அழகல்ல.

பம்பே பழுது என்றால் டேங்கின் அடியில் துருவும் மண்டியும் இருக்கிறதா என்று பார்த்துக் கழுவாமல் புதியதை இறக்கக் கூடாது. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் லோடில் இருந்த அழுத்தத்தையும், பம்ப் ஓடும்போது கனெக்டரில் இருந்த வோல்ட்டையும் ஒவ்வொரு ஜாப் கார்டிலும் தவறாமல் எழுதிவைக்க வேண்டும்.