புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களுக்கு மனநலப் பராமரிப்பு கோரும் மனு

அனுப்புநர்:
புற்றுநோய் சிகிச்சை பெற்றோர், குடும்பத்தினர் நலச் சங்கம்,
பருத்திப்பட்டு, ஆவடி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: புற்றுநோய் சிகிச்சையின்போதும் அதன் பின்னரும் வரும் மனச்சோர்வு, மனப்பதற்றத்துக்கு ஆவடியிலேயே சிகிச்சை கிடைக்கச் செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

எங்கள் உறுப்பினர்கள் கீமோவுக்கும், 'கரண்ட் வைப்பது' என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சுக்கும் அடையாறு, சென்ட்ரல், காஞ்சிபுரம் காரப்பேட்டை என்று அலைந்து மீண்டவர்கள். சிகிச்சை நடக்கும் வரை அடுத்த தேதி, ரத்த அணுக்களின் எண்ணிக்கை என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் பலருக்குத் தூக்கம் போகிறது. செக்கப் தேதி நெருங்கினால் நெஞ்சு படபடக்கிறது. சாதாரண இருமல் வந்தாலும், நோய் திரும்பிவிட்டதோ என்ற பயம் பிடிக்கிறது. மார்பகத்தை இழந்த பெண் விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்துகிறார். வாயில் அறுவை செய்துகொண்டவர், பேச்சு குழறுவதால் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. "அதான் குணமாயிடுச்சே, இன்னும் எதுக்கு அழுவுற?" என்று வீட்டாரே கேட்கும்போது அந்தத் துயரம் வாயடைத்துப் போகிறது.

இதற்கு உடல் சார்ந்த காரணங்களும் உண்டு. கீமோவுடன் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து தூக்கத்தைக் கெடுக்கலாம். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்தால், அது மனச்சோர்வு போலவே தோன்றும். மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் சாப்பிடுபவர் பராக்சிடின், ஃப்ளூவாக்சிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிட்டால், டமாக்சிஃபெனின் பலன் குறையக்கூடும். எனவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை இதற்குத் தீர்வல்ல. இரு நோய்களையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் தேவை.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 18-ஆம் பிரிவு அரசின் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை அனைவருக்கும் அளிக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில், நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித்துறை செயல்படுகிறது. அந்த அனுபவம் எங்கள் பகுதிக்கும் வந்து சேர வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் ஆவடி அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள், புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களுக்கென மனநல மருத்துவரும் ஆலோசகரும் இருக்க வேண்டும்.

2. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள், சிகிச்சை பெற்றவர்களின் மன உளைச்சலை 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் கேட்டுப் பதிய வேண்டும். 4-உம் அதற்கு மேலும் சொல்பவர்களை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

3. மாவட்ட அரசு மருத்துவமனைகள் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மனநலக் குறிப்பும், 14416 இலவச ஆலோசனை எண்ணும் தமிழில் இடம்பெற வேண்டும்.

4. இரவு பகல் பாராமல் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் ஆலோசனை கிடைக்க வேண்டும்.

5. சிகிச்சை பெற்றவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேச, பருத்திப்பட்டில் மாநகராட்சிக்குச் சொந்தமான ஓர் அறையை ஒதுக்க வேண்டும்.

முதல் கோரிக்கையை உடனே நிறைவேற்றித் தர வேண்டுகிறோம். தனியாக வரத் தயங்குபவர்களை வீட்டிலிருந்து அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய்விடும் பொறுப்பை எங்கள் சங்கம் ஏற்கும். இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்

நகல்: ஆணையர், ஆவடி மாநகராட்சி, இணை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள், திருவள்ளூர்.